குமுதாவின் நாக்கு

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி வாக்கில் குமுதாவின் நாக்கு வெளியே வந்தது. வந்தது வந்ததுதான், திரும்ப உள்ளே போகவில்லை.

மகள் தாமரைக்கு இது வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. அம்மா இருப்பது மலேசியாவில், கிள்ளான் பண்டமாரானில். மகளுக்கு வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அன்றைக்கு அரைநாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தால் குடும்பக் குழுவில் நாற்பத்திரண்டு செய்திகள், எல்லாம் கும்பிடும் கைகள். மேலே தள்ளிக்கொண்டே போனாள். அத்தை நல்லம்மாள் அனுப்பிய ஒரு வீடியோ. அதன் அடியில் ஒரு வரி: "நம்ம வீட்டுக்குக் காளி வந்திருக்கா."

வீடியோவில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. நெற்றி நிறையக் குங்குமம். வாய் பிளந்து, நாக்கு தடித்து, உதட்டைத் தாண்டி நின்றது. எச்சில் கோடாக இறங்கி மடியை நனைத்தது. கண் இமைக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம், மூடிய டின்னுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி. யாரோ பெண்கள் குலவை போட்டார்கள்.

தாமரைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அந்தத் தெருவிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய கையோடு மாமா வீட்டுக் காளி கொட்டகைக்குள் போவதையும் நிறுத்திக்கொண்டவள். ஆனாலும் அந்த முப்பத்தெட்டு வினாடியை முதல் தடவை பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் கண்ணுக்குள் அம்மாவைக் காணோம். வேறு யாரோ உள்ளே நின்றுகொண்டு, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தபோதுதான் கழுத்து கண்ணில் பட்டது. கழுத்து என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தாடையிலிருந்து நெஞ்சுவரை ஒரே தடிப்பு, தோல் பளபளவென்று இழுத்து நின்றது. அம்மா நாக்கை நீட்டவில்லை. அடியிலிருந்து ஏதோ அதைத் தூக்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பல்.

இது இரண்டு வாரக் கதை. குமுதாவுக்குக் கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் சொத்தை. விடிவதற்கு முன்னே பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் கிளறுகிறவளுக்குப் பல் டாக்டரிடம் போய் உட்கார ஏது நேரம் என்பது அவள் சொன்ன காரணம். ஊசிக்குப் பயம் என்பது உண்மைக் காரணம். கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், பனடோல் மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினாள். வலி அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் கன்னையா, தன் பள்ளி வேனில் ஏற்றி அவளை டெங்கிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவில் ஒரு பலகை வீடு. மாரியாயி என்று ஓர் அம்மா அங்கே பல்லில் பூச்சி எடுக்கிறாள்.

வேடிக்கை பார்க்கத் தாமரையும் போயிருந்தாள். மாரியாயி பேசவே இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்து, அதன் மேல் நெய்யில் பிசைந்த கண்டங்கத்திரி விதையைப் போட்டு, கொட்டாங்கச்சியால் மூடினாள். கொட்டாங்கச்சிக் கண்ணில் செருகிய பப்பாளித் தண்டு வழியாகப் புகை அம்மாவின் வாய்க்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கினால், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய் ஏழு பூச்சி மிதந்தது. நெளிந்த மாதிரியும் இருந்தது, நெளியாத மாதிரியும் இருந்தது. மாரியாயி தாமரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தாமரைக்குப் பிடிக்கவில்லை. ஒரு பூச்சியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். வாய் இல்லை, குடல் இல்லை, கால் இல்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அது பூச்சியே இல்லை. விதைக்குள்ள இருக்கிற முளை. சூட்டுல வெடிச்சு வெளிய வருது. உன்னை நல்லா ஏமாத்திட்டா அந்தப் பொம்பளை."

"ஏமாத்தட்டும். வலி போயிடுச்சே, அதுக்கு உன் மைக்ராஸ்கோப் என்னடி சொல்லுது?"

உண்மையாகவே வலி போயிருந்தது. வியாழக்கிழமை அம்மா பேச்சோடு பேச்சாக, "லேசா வீங்கியிருக்குடி" என்றாள்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லை."

"அப்ப திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வரேன். கிளினிக் போயிடலாம்."

பட்டம் வாங்கியவளும் டெங்கில் மாரியாயியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். வலி இல்லையென்றால் நோய் இல்லை.

கிராப் வாடகைக் காரில் ஏறியதும் தாமரை அவசர எண் 999-க்கு அடித்தாள். எதிர்முனையில் ஒரு மலாய்ப் பெண் நிதானமாகக் கேள்வி கேட்டாள். விழுங்க முடிகிறதா? எச்சில் வழிகிறதா? மூச்சில் சத்தம் வருகிறதா? தாமரை வீடியோவில் பார்த்ததைச் சொல்லச் சொல்ல அந்தக் குரலின் வேகம் கூடியது. "இது பல் வலி இல்லை, தங்கச்சி. மூச்சு அடைக்கப் போகுது. வாய்க்குள்ள தண்ணிகூடக் கொடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்புறேன், வீட்டு நம்பர் சொல்லுங்க." இவ்வளவும் மலாயில். தாமரை வீட்டு நம்பரைச் சொன்னாள்.

மாமாவுக்கு ஒன்பது தடவை அடித்தாள். பத்தாவது தடவை எடுத்தார்.

"மாமா, ஆம்புலன்ஸ் வந்துச்சா?"

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

"என்னது?"

"எங்க வீட்டுல பூசை நடக்குது, நோயாளி யாரும் இல்லை, யாரோ விளையாட்டுக்குப் போன் போட்டிருக்காங்கன்னு சொன்னேன். போயிட்டாங்க. ஏன்லா தாமரை, சாமிய ஸ்ட்ரெச்சர்ல ஏத்தச் சொல்றியா நீ?"

"சாமி இல்லை மாமா! பல்லு! சீழ் கழுத்துக்கு இறங்கிடுச்சு! அம்மா செத்துப்போயிடும்!"

"வாயக் கழுவு." அவர் குரல் தாழ்ந்தது. "முப்பது வருசமா நான் காளி வாசல்ல விளக்குப் போடுறேன். எனக்குத் தெரியாதா? தங்கச்சிக்கு நாக்கு வந்திருக்கு பாரு, அது மனுச நாக்கா? வர்றதா இருந்தா குளிச்சுட்டு வா."

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. 999-க்கு மறுபடி அடித்தாள். திரும்ப அனுப்புகிறோம், ஆனால் பக்கத்தில் வண்டி இல்லை, நேரமாகும் என்றார்கள். ஃபெடரல் ஹைவேயில் வண்டி நகராமல் நின்றது. கிராப் ஓட்டுகிற சீனக் கிழவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ஓரப் பாதையில் ஏற்றினார்.

வீடு இருந்த சந்தில் இரண்டு பக்கமும் கார், மோட்டார். வேலி ஓரம் செருப்புக் குவியல். குறி கேட்க ஆள் வந்திருந்தது. கன்னையா மாமாவின் வீடு ஒன்றுதான். முன்பாதி அவருக்கும் நல்லம்மாள் அத்தைக்கும், பின்பாதி குமுதாவுக்கு. சமையற்கட்டைத் தாண்டினால் தகரக் கொட்டகையில் காளி. தாமரை செருப்போடு உள்ளே ஓடினாள். "புள்ள, செருப்பு, செருப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

கொட்டகைக்குள் வேப்பிலை வாசம், சாம்பிராணி வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. ஃபிரிட்ஜ் கெட்டு நாலு நாள் மூடிக் கிடந்தால் வருமே, அது. அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. இருபது பேர் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும். உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சு, வெளியே விடும்போது ஒரு கொரகொரப்பு. பின்னால் நின்ற கல் காளியின் நாக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் நாக்கும் ஒரே அளவு, ஒரே தடிப்பு. கல்லுக்கு யாரோ புதிதாகச் சிவப்புப் பூசியிருந்தார்கள். அம்மாவின் நாக்கு நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

நல்லம்மாள் அத்தை முட்டிபோட்டு அம்மாவின் முன்னால் இருந்தாள். "தாயே, எங்க பாலனுக்கு வர்ற தைக்குள்ளயாவது பொண்ணு அமையுமா?"

அம்மாவின் வலது கை மேலே எழுந்து காற்றைப் பிடிக்கப்போனது. காற்று பிடிபடாமல் விரல் விரிந்தது.

"அஞ்சு விரல்! அஞ்சு மாசம்!" என்றாள் ஒருத்தி.

"அத்தை, அது மூச்சுக்குத் தவிக்குது!" தாமரை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். "எந்திரிங்க எல்லாரும். மாமா, வேன் சாவி எங்க?"

யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், கோபமாக இல்லை, பாவம் என்பதுபோல. "படிச்ச புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது தாயே, மன்னிச்சுக்கோ," என்று அம்மாவின் காலைப் பார்த்துச் சொன்னாள் ஒருத்தி. தாமரை அம்மாவின் கையைப் பற்றினாள். கை சில்லென்று இருந்தது, ஆனால் பிடி இரும்புப் பிடி. அம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அடையாளம் எதுவும் இல்லை.

"தொடாதே!" கன்னையா மாமா வந்தார். இடுப்பில் சிவப்புத் துண்டு, கையில் பித்தளைத் தட்டு, தட்டில் கற்பூரம். "ரொம்ப நேரம் நின்னுட்டா. உடம்பு தாங்காது. மலையேத்திடுறேன்."

மலையேற்றுவது என்றால் என்ன என்று தாமரைக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். கற்பூரத்தைக் கொளுத்தி, சாமி வந்தவரின் நாக்கில் வைப்பார்கள். அது எரிந்து அணைந்தால் சாமி இறங்கிவிட்டது. இடையில் வேறு யாராவது அந்தக் கற்பூரத்தை வாங்கிக்கொண்டால், சாமி அவர்மேல் மாறிவிட்டது என்று கணக்கு. அதன் பிறகு அவர் சொல்வதுதான் சொல். மாமா அந்த வீட்டில் யார் பேச்சையும் கேட்டதில்லை, இந்த ஒரு பேச்சைத் தவிர.

மாமா கட்டியைக் கொளுத்தினார். இடுக்கியில் எடுத்தார். அம்மாவின் நாக்குக்கும் அந்த நெருப்புக்கும் நடுவே ஒரு சாண். அந்தச் சூடும் புகையும் உள்ளே போனால் மிச்சமிருக்கிற கீச்சுச் சத்தமும் நின்றுவிடும்.

கத்தினால் இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளுவார்கள். சீழ், ரத்தம், நுண்ணுயிர் என்று பேசினால் சிரிப்பார்கள். தாமரை யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கூந்தல் கிளிப்பை உருவினாள். இரண்டு தோளிலும் பிடித்திருந்த கைகளை உதறினாள். இடுக்கியிலிருந்த கற்பூரத்தை விரலால் பறித்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் ஒரே மூச்சாகப் பின்வாங்கியது.

நாக்கு ஈரம், கட்டி சின்னது, நாலைந்து வினாடி தாங்கும். அவள் கணக்கு அதுதான். நீலச் சுடர் மூக்கு நுனிக்குக் கீழே ஆடியது. அதைத் தாண்டி மாமாவின் முகம் வெளிறிப்போனது தெரிந்தது. கற்பூரம் முழுதும் எரிந்து அணையும்வரை அவள் வாயை மூடவில்லை. பிறகு பேசினாள். அவள் பேச நினைத்தது இது:

"கன்னையா! இவ உடம்பு எனக்கு வேணாம். ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் இவளை ஒப்படை. இப்பவே ஒப்படை. இல்லேன்னா இந்த வீட்டை விட்டு நான் போகமாட்டேன்."

நாற்பது வயது மூத்த மாமனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவ்வளவு வருஷக் கோபம். மாமா தட்டைக் கீழே போட்டார். "உத்தரவு தாயே," என்று நடுங்கிக்கொண்டே வேன் சாவியைத் தேடி ஓடினார். குறி கேட்க வந்த ஆண்கள் சந்திலிருந்த கார்களை எடுத்து வழிவிட்டார்கள். நான்கு பெண்கள் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கினார்கள். கேட்டில் வேனின் கதவு உருண்டு திறக்கிற சத்தம் தாமரைக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கடுத்து அவளுக்கு ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு. நடுவில் ஒன்றும் இல்லை.

டாக்டர் சௌதா வெளியே வந்தபோது ஆறரை மணி. வாய், தாடை அறுவை பார்க்கிறவர். கடையநல்லூர் வழிக் குடும்பம், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேசினார், சுற்றி வளைக்கவில்லை.

"கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருக்கோம். அது வழியாத்தான் மூச்சு. தாடைக்கு அடியில ரெண்டு பக்கமும் கீறிச் சீழை வடிச்சாச்சு. பல்லையும் எடுத்தாச்சு. உயிர் இருக்கு. அடுத்த மூணு நாள் தாண்டணும்."

நல்லம்மாள் அத்தை அழ ஆரம்பித்தாள். தாமரை கேட்டாள், "டாக்டர், வலி போயிடுச்சுன்னு சொன்னாங்களே. போன ஞாயித்துக்கிழமையே போயிடுச்சு."

"பல்லுக்குள்ள நரம்பு செத்துச்சுன்னா வலி போயிடும்மா. அழுகல் போகாது. சத்தமில்லாம எலும்பைத் தாண்டி நாக்குக்கு அடியில இறங்கும். வீக்கம் வந்த அன்னைக்கே வந்திருக்கணும். தாடை வீங்கி, வாய் மூட முடியாம, எச்சிலை விழுங்க முடியாமப் போனா மணிக்கணக்குதான்." கையிலிருந்த தாளைப் புரட்டினார். "ஒண்ணு மட்டும் சரியாச் செஞ்சிருக்கீங்க. படுக்க வைக்காமக் கொண்டு வந்தீங்களே, அது. படுக்க வச்சிருந்தா அந்த நாக்கு பின்னால விழுந்து வழியிலேயே முடிஞ்சிருக்கும். யாரு சொல்லிக் கொடுத்தா?"

தாமரைக்குத் தெரியாது. 999-ல் அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைதான் டாக்டர்," என்றார்.

"நானா?"

"நல்லம்மா அவளை மடியில சாய்ச்சுப் படுக்க வச்சா. உடனே பின்சீட்லேருந்து தங்கச்சி சத்தம் கேட்டுச்சு. 'அண்ணே, என்னைத் தூக்கி உக்கார வை, மூச்சு முட்டுது'ன்னு. சுத்தமான பேச்சு. ஆகா, வாய் வந்துடுச்சுன்னு கண்ணாடியில பார்த்தேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குமுதா வாய் அசையலை. அது எங்க அசையும்? இந்தப் புள்ளை வாய்தான் அசைஞ்சுச்சு."

"சும்மா இருங்க மாமா."

"நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்டி," என்றாள் அத்தை. அவள் குரலில் பெருமை எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. "வழி பூரா அவ குரல்தான். 'குனிய வை, முதுகைத் தட்டாதே, வாயில தண்ணி ஊத்தாதே'ன்னு. 'சின்ன வயசுல என் கொண்டையில பூவை ஒளிச்சு வச்சது நீதானே அண்ணி'ன்னு என்னைக் கேட்டே. அது எனக்கும் குமுதாவுக்கும் மட்டும் தெரியும். நீ அப்பப் பொறக்கவே இல்லை."

டாக்டர் சௌதா ஒரு தடவை மூவரையும் பார்த்தார். பயத்தில் மனுஷர்கள் எதையும் கேட்பார்கள், எதையும் பேசுவார்கள், நினைவிலும் நிற்காது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதைத்தான் தாமரையும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நான் நடித்தேன். நடிப்பு கொஞ்சம் நீண்டுபோச்சு. பூ விஷயம் அம்மா எப்போதாவது சொல்லியிருப்பாள்.

பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். ஒரு கொப்புளமாவது இருக்க வேண்டும். நாலு வினாடி தாங்கும் என்று போட்ட கணக்கு அவளுடையதுதான். ஆனால் கற்பூரம் முழுதும் எரிந்து அணையும்வரை அது அங்கே இருந்தது. விரலைப் பார்த்தாள். கற்பூரத்தைப் பறித்த இரண்டு விரலும் சிவந்து, தோல் வழன்று எரிந்தது. நாக்கு இளஞ்சிவப்பாக, சுத்தமாக, குழந்தை நாக்கு மாதிரி இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள். வலித்தது. அந்த வலி அவளுடையது என்பதில் கொஞ்சம் நிம்மதி.

மூன்று நாள் தாண்டியது. நான்காம் நாள் பிற்பகல் அம்மாவைப் பார்க்க விட்டார்கள்.

வராந்தாவில் மாமாவோடு பத்துப் பேர் நின்றார்கள், எலுமிச்சம்பழமும் கதம்பமும் கையில். அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் தாமரை நினைத்தாள். அவளைக் கண்டதும் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு பெண், தன் கைக்குழந்தையின் தலையை இவள் பக்கம் நீட்டினாள்.

"என்ன இது? போங்க எல்லாரும். ஆஸ்பத்திரி இது!"

"உத்தரவு," என்றான் ஒருவன். அவன் கிண்டல் செய்யவில்லை.

தாமரை உள்ளே போய்விட்டாள். பத்துப் பேரை அறைய இரண்டு கை போதாது.

அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைக் குழாய், அதில் காற்று போய் வருகிற மெல்லிய சீழ்க்கை. வீக்கம் வடிந்திருந்தது. நாக்கு உள்ளே போயிருந்தது. கண்ணுக்குள் அம்மா திரும்ப வந்திருந்தாள். தாமரை கட்டிலருகே ஓடினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா. பயமுறுத்திட்டேம்மா நீ. என் தப்புதான். வீங்கியிருக்குன்னு சொன்ன அன்னைக்கே தூக்கிட்டு வந்திருக்கணும். திட்டு. குரல் வந்ததும் நல்லாத் திட்டு."

அம்மா திட்டுகிற முகத்தைக் காட்டவில்லை. ஊசி குத்திய கையையும் குத்தாத கையையும் மெல்லத் தூக்கி, நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிட்டாள்.

"அய்யோ, என்னம்மா பண்றே?" தாமரை அந்தக் கைகளைப் பிரித்தாள். பிரித்த கைகள் மறுபடி சேர்ந்தன. மறுபடி பிரித்தாள். மறுபடி சேர்ந்தன.

பக்கத்தில் நின்ற நர்ஸ், மலாய் மிஸ்ஸி, நோயாளி எழுதிக் காட்டலாம் என்று சொல்லி, அட்டையும் பேனாவும் கொடுத்தாள். அம்மா நீண்ட நேரம் எழுதினாள். கேண்டீனில் சாமான் பட்டியல் எழுதுகிற அதே கோணல் எழுத்து.

"என் பொண்ண விட்டுடு தாயே. அவ சின்னப் புள்ள. படிச்ச புள்ள. வாய் துடுக்கு, மனசுல ஒண்ணும் கிடையாது. அன்னைக்கு வேன்ல என் குரல எடுத்துக்கிட்டே. அத நீயே வச்சுக்கோ. எனக்கு வேணாம். அவளத் திருப்பிக் குடு."

தாமரை இரண்டு தடவை படித்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்குப் பின்னால் தூரத்தில் நிற்கிற யாரையோ தேடுகிற பார்வை அது. அதில் பயம் இருந்தது. பயத்தை விடப் பிடிவாதம் அதிகமாக இருந்தது.

நான்தாம்மா, தாமரைதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு ஈரமாக, தயாராக, அதன் இடத்தில் இருந்தது. காற்றும் தொண்டைவரை வந்துவிட்டது. வந்ததை அங்கேயே நிறுத்தினாள். இத்தனைக்கும் உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதெல்லாம் யார் குரலில் வந்தது என்று இப்போது கவனிக்கத் தோன்றியது, ஞாபகத்தில் பிடிபடவில்லை.

வாயை மூடினாள். அட்டையை வாங்கி, அம்மாவின் எழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு என்ன, நீங்க பேசலாமே?" என்று மிஸ்ஸி மலாயில் சிரித்தாள்.

தாமரை தலையை மட்டும் ஆட்டிவிட்டு, எழுதி முடித்த அட்டையை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். முதல் வகுப்பில் கைபிடித்து எழுதப் பழக்கியவள் அவள்தான். 'ழ'வைச் சுழிக்கிற இடத்தில் மகள் எப்போதும் ஒரு கொக்கி அதிகம் போடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். விரலை அந்தக் கொக்கியின் மேல் வைத்து, மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் தடவினாள். கழுத்துக் குழாயில் காற்று போய் வந்தது. அம்மா அட்டையைக் கீழே வைக்கவும் இல்லை, நிமிர்ந்து மகளைப் பார்க்கவும் இல்லை. தாமரை பேனாவைப் பிடித்தபடி, வாயைத் திறக்காமல், அந்தத் தலை நிமிர்வதற்காக நின்றுகொண்டிருந்தாள்.